மாத்திரையை மறைக்க வேண்டாம்



தென்மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் சில வாரங்களாக என் மேசையில் இருக்கிறது. பள்ளியில் படிக்கும்போது மகளுக்கு வலிப்பு தொடங்கியிருக்கிறது. தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள். கடந்த மூன்று வருடங்களில் ஒருமுறைகூட வரவில்லை. இப்போது நல்ல வரன் கூடி வந்திருக்கிறது. “மாப்பிள்ளை வீட்டில் சொல்லலாமா? மாத்திரையை நிறுத்திவிட்டால் யாருக்கும் தெரியாது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நீங்கள்தான் வழி சொல்லவேண்டும், அம்மா” என்று கேட்டிருக்கிறார்.

நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் தினம். அதையொட்டி இந்த இதழில் மூளை, நரம்பு நோய்களுக்கெனத் தனிப்பகுதி வருகிறது. பக்கவாதம், ஒற்றைத் தலைவலி, பார்க்கின்சன் நோய் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வலிப்பைப் பற்றி நானும் உங்களோடு பேச விரும்பியதற்கு அந்தத் தாயின் கேள்விதான் காரணம்.

மூளையின் செல்கள் நுண்ணிய மின்சாரத்தின் மூலம் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. அந்த மின்னோட்டம் சிறிது நேரம் கட்டுமீறிப் போவதுதான் வலிப்பு. 1924-ல் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். இன்று நம் ஊர்களில் எடுக்கும் இ.இ.ஜி. அதன் தொடர்ச்சி. வலிப்பு தொற்றுநோய் அல்ல. சாமி குற்றமோ, செய்வினையோ, முன்வினையோ அல்ல. உலகில் சுமார் 5 கோடிப் பேர் இதோடு வாழ்கிறார்கள். முறையான சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பே வராமல் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளுவதை மட்டுமே வலிப்பு என்று நினைக்கிறோம். எழுதிக்கொண்டிருக்கும் குழந்தையின் பென்சில் சட்டென்று நிற்கும். பத்து நொடி கண் வெறித்திருக்கும், கூப்பிட்டால் திரும்பாது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து எழுதும். ஒரு நாளில் பலமுறை இப்படி நடந்தால், ‘கவனமில்லாத பிள்ளை’ என்று டீச்சரிடம் திட்டு வாங்குவதோடு முடிந்துவிடும். அதுவும் வலிப்பாக இருக்கலாம்.

தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் இன்னொரு வகையும் உண்டு. தலையில் சுடச்சுட வெந்நீரை மொண்டு ஊற்றும்போது சிலருக்கு வலிப்பு வருகிறது. பெங்களூரு மருத்துவர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். நீரின் சூட்டைக் குறைத்தாலே பலருக்கு வராமல் தடுக்க முடிகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் மட்டும் பிள்ளை மயங்குகிறான் என்றால், அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஸ்கேனும் இ.இ.ஜி.யும் சரியாகவே இருந்தாலும் வலிப்பு இருக்கக்கூடும். பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொல்லும் விவரம்தான் டாக்டருக்குப் பெரிய துணை. முடிந்தால் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

கண்ணெதிரே ஒருவருக்கு வலிப்பு வந்தால் நாம் முதலில் தேடுவது சாவிக்கொத்தை. இரும்பைக் கையில் கொடுத்ததும் நின்றுவிட்டதாக நம்புகிறோம். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரண்டு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். சாவி தேடி எடுத்துவர அவ்வளவு நேரம் ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் செய்யவேண்டியது வேறு. பக்கத்தில் இருக்கும் கூர்மையான பொருட்களை அகற்றுங்கள். தலைக்கடியில் துண்டையோ துப்பட்டாவையோ மடித்து வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்கவேண்டாம். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் கூடாது. எப்போது தொடங்கியது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ, முதல்முறையாக வந்ததென்றாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு தெளியும்வரை கூடவே இருங்கள்.

இனி, அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன்.

மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். இரண்டு மூன்று வருடங்கள் வலிப்பில்லாமல் இருந்தவர்களில் சிலருக்கு மருந்தைக் குறைக்க முடியும். அது யாருக்கு, எவ்வளவு மெதுவாக என்பதை முடிவு செய்யவேண்டியவர் நரம்பியல் மருத்துவர்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடுங்கள். மறைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். புகுந்த வீட்டில் புடவை மடிப்புக்குள் மாத்திரை அட்டையை ஒளித்துவைத்து, யாரும் பார்க்காத நேரம் பார்த்து விழுங்கவேண்டும். விருந்தும் பயணமுமாகத் தூக்கம் கெடும். ஒரு வேளை மாத்திரை தப்பும். தூக்கமின்மை, மாத்திரை தவறுதல் இரண்டுமே வலிப்பைத் தூண்டிவிடக்கூடியவை. மூன்று வருடங்கள் வராதது அந்தக் கூட்டத்தின் நடுவே வந்தால், பழி முழுவதும் அந்தப் பெண்மீதுதான் விழும்.

மறைப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. அதனால் கருத்தரிக்கும் முன்பே டாக்டரைப் பார்த்து மருந்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஃபோலிக் அமிலமும் எடுத்துக்கொள்ள வேண்டும். கணவருக்குத் தெரியாமல் இதையெல்லாம் எப்படிச் செய்வது? இப்படிக் கவனித்துக்கொண்டால், வலிப்புள்ள பெண்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமான குழந்தையைப் பெற்றுத் தாய்ப்பாலும் கொடுக்கிறார்கள்.

தரகர் மூலமாகவோ உறவினர் வாய்வழியாகவோ செய்தி போகவேண்டாம். மகளே அந்தப் பையனிடம் நேரில் சொல்லட்டும். இருவரும் சேர்ந்து அவளுடைய டாக்டரைப் பார்த்து, கேட்க நினைப்பதையெல்லாம் கேட்டுக்கொள்ளட்டும். கேட்டபின் விலகிப்போகும் வரனை இழப்பது வலிக்கும். ஆனால் பயந்து பயந்து வாழும் இல்லறத்தைவிட அந்த வலி சிறிது.

இந்து திருமணச் சட்டத்தில் திருமணத் தகுதிக்குத் தடையாக வலிப்பும் ஒருகாலத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. 1999-ல் வந்த திருத்தம் அந்தச் சொல்லை நீக்கிவிட்டது. சட்டம் மாறி கால் நூற்றாண்டு ஆகிறது. நம் வீட்டுக் கூடங்களில் மனம்தான் இன்னும் மாறவில்லை.

அதனால் இந்த மாதம் பிள்ளை வீட்டாரிடமும், ஆசிரியர்களிடமும், வேலை கொடுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை போடுவதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தே பேசுகிறோம். வலிப்பு மாத்திரைக்கும் அந்த இடத்தைக் கொடுங்கள். உண்மையைச் சொல்ல முன்வருபவரைத் தண்டிக்காமல் இருந்தால், மறைக்கவேண்டிய தேவையே யாருக்கும் வராது.

வலிப்போடு படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்துபவர்கள் உங்கள் அனுபவங்களை எழுதி அனுப்புங்கள். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிடமாட்டோம். சந்தேகங்களையும் கேளுங்கள், நரம்பியல் மருத்துவர்களிடம் பதில் பெற்று அடுத்த இதழில் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்