ஃபிஷ் ஃபைண்டரா, ஜிபிஎஸ்ஸா? கையில் இருக்கும் பணத்துக்கு ஃபைபர் படகில் முதலில் எதை மாட்டுவது?

ஃபைபர் படகு வைத்திருப்பவர் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'அண்ணே, எந்த செட் நல்லாருக்கு?' கடையில் திரை அளவு, வாட்ஸ், சிர்ப், டவுன்வியூ என்று வரிசையாக வார்த்தைகள் வந்து விழும். ஆன்லைனில் தேடினால், அமெரிக்க ஏரிகளில் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவர்களின் வீடியோக்கள்தான் கொட்டிக் கிடக்கின்றன. அவர்கள் 'சூப்பர்' என்று சொல்லும் கருவி மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ தொழிலுக்குப் போகும் படகுக்கு ஒத்துவருமா என்பது வேறு கதை.

ஃபிஷ் ஃபைண்டரும் ஜிபிஎஸ்ஸும் ஒரே திரையில் வரும் 'காம்போ'வை வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது இயல்பு. ஆனால் எந்தக் கடல், எவ்வளவு ஆழம், என்ன வலை என்று கேட்காமல் வாங்கும் காம்போவில் பாதிப் பணம் வீண். எந்தப் பாதி என்பது ஊருக்கு ஊர் மாறும்.

ஒலி போய்த் திரும்பும் கணக்கு

ஃபிஷ் ஃபைண்டரின் வேலை சிம்பிள். படகின் அடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசர் தண்ணீருக்குள் ஒலியை அனுப்புகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறது. மீனின் உடம்பில் ஒலியை அதிகம் திருப்பி அனுப்புவது சதை இல்லை, உள்ளே இருக்கும் காற்றுப்பை. அந்தப் பை இல்லாத சுறா, திருக்கை, கணவாய் எல்லாம் திரையில் மங்கலாகத்தான் தெரியும். தரையோடு ஒட்டிக் கிடக்கும் நண்டும் இறாலும் தரையின் எதிரொலியிலேயே கரைந்துபோகும்.

அந்த ஒலி கீழே போகப் போக விரியும், கூம்பு மாதிரி. பெட்டியில் 20 டிகிரி என்று போட்டிருந்தால் 10 மீட்டர் ஆழத்தில் அது பார்க்கும் வட்டம் மூன்றரை மீட்டர் அகலம். அவ்ளோதான்! படகின் நீளத்தில் பாதிகூட இல்லை. பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டாது. அங்கே நண்டு வலையும் இறால் வலையும் விடுபவருக்கு ஃபிஷ் ஃபைண்டர் சொல்லும் செய்தி, படகுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்பது மட்டும்தான். அதுவும் அவர் தேடும் உயிரினத்தைக் காட்டாது. அவர் ஜிபிஎஸ் மட்டும் வாங்கினால் போதும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

60 மீட்டர் ஆழத்தில் பாரைத் தேடிப் போய்த் தூண்டில் போடுபவரின் நிலைமை வேறு. அதே 20 டிகிரி கூம்பு அங்கே 21 மீட்டர் வட்டத்தைப் பார்க்கும். 45 டிகிரி கூம்பு என்றால் கிட்டத்தட்ட 50 மீட்டர். பார் எங்கே ஏறுகிறது, எங்கே சரிகிறது, அதன்மேல் கூட்டம் நிற்கிறதா என்பதெல்லாம் தெரியும். கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பக்கம் கலவா, விளமீன் பிடிப்பவர்களுக்கு ஃபிஷ் ஃபைண்டர் போட்ட காசைத் திருப்பித் தரும் இடம் இதுதான். முன்பு கரையில் தெரியும் மலை, கோவில் கோபுரம், சர்ச் கோபுரம் ஆகியவற்றை ஒன்றோடொன்று நேர்வைத்து, 'கணியம்' பார்த்துத்தான் பாரைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கணக்குத் தெரிந்தவர் படகில் இருந்தால் மெஷினுக்கு வேலை பாதி குறைவு.

அலைவரிசையையும் இதே ஆழம்தான் தீர்மானிக்கிறது. 200 கிலோஹெர்ட்ஸ் குறுகிய கூம்பு, தெளிவான படம், ஆனால் சீக்கிரம் வலுவிழக்கும். 50 அல்லது 77 கிலோஹெர்ட்ஸ் அகலமாக விரிந்து ஆழம் போகும், நுணுக்கம் குறையும். சிர்ப் என்பது ஒரே அலைவரிசைக்குப் பதிலாக ஒரு வரம்பு முழுவதையும் வருடி அனுப்புவது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் மீன்களைப் பிரித்துக் காட்ட உதவும். இன்று குறைந்த விலை செட்களிலேயே வருகிறது என்பதால் அதற்கென்று தனியாக அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

பெட்டியில் இருக்கும் எண்

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கொட்டை எழுத்தில் போடும் ஆழக் கணக்கு பெரும்பாலும் நன்னீருக்கானது. கடல்நீர் ஒலியை அதிகமாக உறிஞ்சும். உதாரணத்துக்கு, கார்மின் நிறுவனத்தின் ஸ்ட்ரைக்கர் 4 என்ற சின்ன செட்டுக்கு நன்னீரில் 1,600 அடி, உப்புநீரில் 750 அடி என்று அந்த நிறுவனமே சொல்கிறது. பாகக் கணக்கில் 266 எங்கே, 125 எங்கே! அதே செட்டில் ஜிபிஎஸ் உண்டு, பாயிண்ட் பதியலாம், வந்த தடத்தில் திரும்பலாம். ஆனால் கடல் வரைபடம் கிடையாது. 'ஜிபிஎஸ் இருக்கு' என்று கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. மேப் இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, திரையில் குட்டி மீன் படமாகப் போட்டுக் காட்டும் வசதி. பார்க்க அழகு. குமிழி, பாசி, மிதக்கும் குப்பை எல்லாமே சில நேரம் மீனாகிவிடும். அதை ஆஃப் செய்துவிட்டு வளைவுகளைப் படிக்கப் பழகுவதே மேல். நகரும் படகின் கூம்புக்குள் மீன் நுழைந்து வெளியேறும்போது தூரம் குறைந்து கூடுவதால் வில் மாதிரி வரும். நங்கூரம் போட்டு நிற்கும்போது அதே மீன் நீளமான கோடாகத் தெரியும், மீன் பெரிசு என்று அர்த்தமில்லை.

செட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டிரான்ஸ்டியூசரை மாட்டும் இடம் சொதப்பினால் எல்லாம் போச்சு. பின்பக்கம் வெளியே மாட்டும் வகைதான் பெட்டியோடு வரும். மணலில் இழுத்து ஏற்றும் படகில் அது எத்தனை நாள் தாங்கும்? அப்படிப்பட்ட படகுகளில் உள்பக்கம் அடித்தளத்தில் எபாக்ஸி வைத்து ஒட்டுவது ஒரு வழி. திடமான ஃபைபர் வழியாக ஒலி போகும், கொஞ்சம் வலு குறையும், கடல்நீரின் வெப்பநிலை சரியாகத் தெரியாது. நடுவில் மரமோ ஃபோமோ வைத்துக் கட்டிய அடித்தளம் என்றால் இது வேலைக்கு ஆகாது. வெளியே மாட்டினாலும் புரொப்பல்லரின் குமிழிகளுக்கு விலகி இருக்க வேண்டும்.

எல்லைக்கோடு

ஜிபிஎஸ் மீனுக்கு மட்டுமல்ல. இந்தியா, இலங்கை கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களில் அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளாகவே எழுதப்பட்டிருக்கிறது. வரைபடம் இல்லாத செட்டிலும் இந்தப் புள்ளிகளைப் பதிந்து வைக்கலாம். பதிவதில்தான் ஆபத்து. 9 டிகிரி 20.50 நிமிடம் என்பதும் 9 டிகிரி 20 நிமிடம் 50 நொடி என்பதும் ஒன்றல்ல. 20.50 என்றால் 20 நிமிடம் 30 நொடி. மாற்றிப் போட்டால் சுமார் 600 மீட்டர் தள்ளிப்போகும். கருவி எந்த வடிவத்தில் கேட்கிறது என்பதை செட்டிங்ஸில் பார்த்துவிட்டுப் பதிந்து, மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

எச்சரிக்கை அலாரத்தைக் கோட்டின் மேலேயே வைப்பதும் வீண். எஞ்சினை நிறுத்தி வலையோடு கிடக்கும் படகை ஒரு நாட் வேக நீரோட்டம் ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் இழுத்துவிடும். எல்லோரும் தூங்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் இடைவெளி வைக்க வேண்டும். எல்லை தாண்டுவது எல்லாமே வழி தெரியாமல் நடப்பதல்ல என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிரச்சினைக்கு எந்தக் கடையிலும் மெஷின் இல்லை.

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ், அதாவது இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை இலவசமாக அறிவிக்கிறது. கடல் மேற்பரப்பின் வெப்பநிலையையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து, திசை, தூரம், ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் தருகிறார்கள். அந்த எண்களைப் பயன்படுத்த வேண்டியது ஜிபிஎஸ்தான், ஃபிஷ் ஃபைண்டர் இல்லை. பட்ஜெட் ரொம்பக் குறைவு என்றால், கையில் இருக்கும் ஸ்மார்ட்போனின் ஜிபிஎஸ்ஸும் டவர் இல்லாமலே இடம் காட்டும். மாற்று ஏற்பாடாக ஓகே. ஈரக்கையோடு, உச்சி வெயிலில், சார்ஜ் தீரும் போனை மட்டும் நம்பிப் போவது ஓகே இல்லை.

கரண்ட் எங்கிருந்து?

கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் எஞ்சினில் சார்ஜ் ஏற்றும் வசதி இருக்காது. 12 வோல்ட் பேட்டரியைத் தனியாகத்தான் தூக்கிப் போக வேண்டும். ஒரு ஆம்பியர் இழுக்கும் செட் 12 மணி நேரம் ஓடினால் 12 ஆம்பியர் அவர். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும். ஆக, குறைந்தது 24 ஆம்பியர் அவர் வேண்டும். யுபிஎஸ்ஸில் இருக்கும் 7 ஆம்பியர் பேட்டரியை எடுத்துப் போனால், திரும்பி வரும் நேரத்தில் திரை அணைந்துவிடும். திரும்பி வரத்தானே ஜிபிஎஸ்?

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சொந்தக்காரர் வாங்கி அனுப்பும் செட்டில் விலை குறையலாம், ஆனால் இங்கே வாரண்டி கிடைக்குமா என்று முதலிலேயே கேட்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம்: சில மாடல்களில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி சேர்ந்தே வரும். உரிமம் இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

ஜிபிஎஸ்ஸும் ஃபிஷ் ஃபைண்டரும் உதவிக்கு ஆள் கூப்பிடாது என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, கரையிலிருந்து எச்சரிக்கை போய்ச் சேராத தூரத்தில் பல படகுகள் இருந்தன. தான் எங்கே இருக்கிறோம் என்று படகுக்குத் தெரிவது வேறு, கரைக்குத் தெரிவது வேறு. அதற்கு விஎச்எஃப் ரேடியோ, அதில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல், இல்லையென்றால் டிரான்ஸ்பாண்டர் வேண்டும். ஒரு லட்சம் மீன்பிடிக் கலங்களுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024-இல் தொடங்கியது. பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் தகவல் தொடர்புக் கருவிகளுக்கு இடம் உண்டு. காம்போவுக்குப் பணம் கட்டும் முன், தன் படகுக்கு எது கிடைக்கும் என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு நடை கேட்டுவிடலாம். மானியத்தில் மிச்சமாகும் தொகையில் நல்ல பேட்டரி வாங்கலாம். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554. செல்போன் சிக்னல் இருக்கும் தூரத்தில் அதுவும் உதவும்.

வாங்கிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். பல வருஷ உழைப்பில் சேர்த்த பாயிண்ட்கள் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான். உப்பு ஏறி ஒருநாள் செட் ஆன் ஆகாவிட்டால் அத்தனை பாரும் போச்சு. மெமரி கார்டு போடும் வசதி இருந்தால் மாதம் ஒருமுறை காப்பி எடுத்து வைக்க வேண்டும். இல்லையா, நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வீட்டில், பூட்டிய பெட்டியில்.