வாகனம் சேமிப்பல்ல



"வாகனத்தை வாங்கிப் போட்டால் விலை ஏறும்" என்ற பேச்சு நம் கல்கிசைப் பக்கம் இன்னும் ஓயவில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, ஓடித் தேய்ந்த வேகன் ஆரும் விட்ஸும் கூட வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விலைபோனது உண்மைதான். ஆனால் ஏறியது வாகனத்தின் பெறுமதியல்ல. புதியது வரவில்லை, 2022இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயளவுக்குப் போனது. இலாபத்துக்கு விற்றவர்களும் அடுத்ததை அதே கூடிய விலைக்கே வாங்க வேண்டியிருந்தது.

2025 பெப்ரவரி 1 முதல் இறக்குமதி மீண்டும் திறந்திருக்கிறது. வரி அதிகம் என்பதால் விலை ஒரேயடியாக விழாமலிருக்கலாம். அதற்காக வாகனத்தின் இயல்பு மாறிவிடாது. எஞ்சின் தேயும், ஹைபிரிட் பெட்டரி பலமிழக்கும், நம் கரையோர உப்புக்காற்று தகரத்தை அரிக்கும்.

ஆகவே பிள்ளையின் நகையை விற்றோ, வட்டிக்கு லீசிங் எடுத்தோ 'முதலீடு' என்று வாகனம் வாங்க வேண்டாம். வாப்பா உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, பிள்ளைகளைப் பாடசாலையில் விடத் தேவையென்றால் கைக்கு எட்டியதை வாங்குவோம். விற்கும்போது குறையும் தொகையை, அது நமக்காக ஓடிய ஓட்டத்தின் கூலியாகக் கணக்கில் எழுதுவோம்.