ஸ்கேன் படமும் நோயாளியின் உரிமையும்: தமிழ்நாட்டு மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் முதலிய படங்களும், அவற்றோடு சேர்த்துப் படிக்கப்பட வேண்டிய ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருந்து விவரங்கள், அறுவைச் சிகிச்சைக் குறிப்புகள் ஆகியவையும் ஒரே உடலின் ஒரே வரலாற்றைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் இன்று அந்த வரலாறு சிதறிக் கிடக்கிறது. படம் ஒரு ஸ்கேன் மையத்தின் கணினியிலும், பரிசோதனை முடிவு வேறொரு ஆய்வகத்திலும், சிகிச்சைக் குறிப்பு மூன்றாவது மருத்துவமனையிலும் தங்கிவிட, இவற்றைச் சுமந்து சேர்க்கும் பொறுப்பு மஞ்சள் பையில் ஃபிலிம்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் நோயாளியின் மீதும் அவருடைய உறவினர் மீதும் விழுகிறது. இந்நிலை மாற வேண்டும் என்ற கருத்துடைய கதிரியல் மருத்துவர்கள், ஸ்கேன் தொழில்நுட்பவியலாளர்கள், மருத்துவமனைக் கணினிப் பிரிவினர், நெடுங்கால நோயாளிகளின் குடும்பத்தினர் ஆகியோர் சேர்ந்த குழுவொன்று இவ்வேண்டுகோளைப் பொதுமக்கள் முன் வைக்கிறது.

கையில் ஃபிலிம் இருக்கும்போது குறை என்ன என்ற கேள்வி இயல்பானது. சி.டி. எந்திரம் பதிவு செய்வது சாதாரணப் புகைப்படம் அன்று. உடலின் ஒவ்வொரு புள்ளியும் எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்களின் தொகுப்பையே அது பதிவு செய்கிறது. சி.டி. எந்திரத்தை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அந்த அலகில் தண்ணீரின் மதிப்பு 0, காற்றின் மதிப்பு மைனஸ் 1000. அடர்ந்த எலும்பின் மதிப்பு ஆயிரத்தை ஒட்டியும் அதற்கு மேலும் செல்லும். இத்தனை சாம்பல் நிறப் படிகளையும் மனிதக் கண்ணால் ஒரே பார்வையில் பிரித்தறிய இயலாது என்பதால், மருத்துவர் திரையில் குறிப்பிட்ட ஓர் எண் வரம்பை மட்டும் தேர்ந்து விரித்துப் பார்க்கிறார். ‘விண்டோ’ எனப்படும் அந்த வரம்பை மாற்ற மாற்ற, அதே படத்தில் வேறு வேறு உண்மைகள் வெளிப்படுகின்றன: மூளைக்குரிய விண்டோவில் வெறும் வெண்பட்டையாகத் தெரியும் மண்டையோட்டில், எலும்புக்குரிய விண்டோவுக்கு மாறியதும் மயிரிழை விரிசல் தென்படலாம், மென்திசுவுக்குரிய விண்டோவில் காணாமற்போகும் சிறு முடிச்சு, நுரையீரலுக்குரிய விண்டோவில் தெளிவாகத் தெரியலாம். ஃபிலிமில் அச்சிட்ட கணமே இந்த வாய்ப்பு முடிந்துவிடுகிறது. எடுக்கப்பட்ட சில நூறு குறுக்குவெட்டுப் படங்களில் தேர்ந்தெடுத்த சில மட்டுமே ஃபிலிமில் இடம்பெறுகின்றன. அந்த ஃபிலிமையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, மூலக் கோப்பில் 4,096 படிகளாக இருக்கக்கூடிய சாம்பல் நிற வேறுபாடு 256 படிகளாகச் சுருங்குகிறது. அதைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி கேட்கப்படும் மருத்துவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், படத்தில் இல்லாததை அவரால் காண முடியாது.

பழைய படத்தின் அருமை புதிய படம் எடுக்கப்படும்போதுதான் தெரிகிறது. முன்பு காசநோய் வந்து குணமான ஒருவரின் நெஞ்சு எக்ஸ்ரேயில் தழும்பு நிலைத்து நிற்கும். அது ஆறிய புண்ணின் அடையாளமா, மீண்டும் தலைதூக்கிய நோயா என்பதை ஐந்தாண்டுக்கு முந்தைய எக்ஸ்ரே ஒன்றே பெரும்பாலும் தீர்த்து வைக்கும். நுரையீரலில் 6 மில்லிமீட்டர் அளவில் தெரியும் முடிச்சு இரண்டு ஆண்டுகளாக அதே அளவில்தான் இருக்கிறது என்று பழைய படம் காட்டுமானால், ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதிக்கும் துன்பமும் குடும்பத்தின் கவலையும் பல நேரங்களில் தவிர்க்கப்படும். பழைய படம் கிடைக்காதபோது மீண்டும் ஸ்கேன் எடுப்பது எளிய வழியாகிவிடுகிறது. அதன் செலவைக் குடும்பமும், கதிர்வீச்சை நோயாளியின் உடலும் ஏற்கின்றன. வயிற்றுப் பகுதிக்கான சி.டி. ஸ்கேன் ஒன்றில் உடல் பெறும் கதிர்வீச்சு ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட். இயற்கைச் சூழலிலிருந்து மனிதர் ஓராண்டில் பெறுவது உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். தேவையான ஸ்கேனை இதனால் யாரும் அஞ்சித் தவிர்க்கக் கூடாது; தேவையற்று மறுபடியும் எடுக்கப்படுவதே தடுக்கப்பட வேண்டியது. பக்கவாதத்திலோ நேரமே உயிர்: ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. முதல் மருத்துவமனையில் எடுத்த சி.டி. படம், ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே மருத்துவக் கல்லூரி மருத்துவரின் திரையை அடைந்துவிட்டால், நோயாளி வாசலை எட்டும்போது சிகிச்சை முடிவு தயாராக இருக்கும்.

இதற்கான தொழில்நுட்பம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை. அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் 1983-இல் அமைத்த கூட்டுக் குழு, எந்த நிறுவனத்தின் எந்திரமாயினும் படத்தை ஒரே வடிவில் தர வேண்டும் என்ற நோக்கத்தில் 1985-இல் ஒரு நெறிமுறையை வெளியிட்டது. அதன் வளர்ந்த வடிவம் 1993 முதல் ‘டைகாம்’ என வழங்கி, இன்று உலகெங்கும் ஸ்கேன் எந்திரங்களின் பொது மொழியாக விளங்குகிறது. டைகாம் கோப்பில் படத்தோடு நோயாளியின் பெயர், அடையாள எண், பிறந்த தேதி, எடுத்த நாள், எந்திர அமைப்புகள், உலகில் வேறெந்தப் படத்துக்கும் வராத தனித்த எண் ஆகியவை பிணைக்கப்பட்டிருக்கும். அக்கோப்புகளைச் சேமித்துக் காட்டும் மென்பொருள் ‘பேக்ஸ்’ எனப்படுகிறது. மருத்துவமனையின் பிற விவரங்களைப் பரிமாறும் நெறிமுறைகளை 1987-இல் தொடங்கிய ‘ஹெச்.எல்.7’ அமைப்பு வகுத்துவருகிறது. இணையத்தின் வழி பரிமாற்றத்துக்கு ஏற்ற அதன் புதிய வடிவமே ‘ஃபயர்’. இந்திய அரசும் மின்னணு மருத்துவப் பதிவுக்கான தரங்களை 2013-இல் அறிவித்து 2016-இல் திருத்தி வெளியிட்டுள்ளது. ஆகவே கணினிகள் பேசிக்கொள்ளாமைக்கு மொழி இல்லாமை காரணம் அன்று. மென்பொருள் வாங்கும்போது தரவை வெளியே எடுத்துத் தரும் வசதியை மருத்துவமனைகள் ஒப்பந்தத்தில் கேட்பதில்லை. கேட்காததை விற்பவர் தருவதில்லை. நோயாளிகளும் இதுவரை வற்புறுத்தவில்லை.

இன்னொரு தடை தமிழ்நாட்டுக்கே உரியது. அது போதிய கவனம் பெறவில்லை. டைகாம் நெறிமுறையில் பெயருக்கான இடம் குடும்பப் பெயர், இடுபெயர், நடுப்பெயர், முன்னொட்டு, பின்னொட்டு என ஐந்து கூறுகளாக வகுக்கப்பட்டுள்ளது. பெரும்பாலான தமிழர்க்கோ குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து தலைப்பெழுத்தாக நிற்கிறது. கே. ஜெயந்தி என்ற பெயர் ஒரு மருத்துவமனையில் ‘கே’ என்பதைக் குடும்பப் பெயராகக் கொண்டும், இன்னொன்றில் ‘ஜெயந்தி கே’ என்றும், மூன்றாவதில் கணவர் பெயரைச் சேர்த்தும் பதிவாகிறது. ஆங்கில எழுத்தில் எழுதும்போது அதே ஜெயந்தி மூன்று நான்கு விதமாக மாறுகிறாள். பிறந்த தேதி தெரியாத முதியவருக்கு வயதை மட்டும் கேட்டு ஜனவரி 1 என்று போட்டுக்கொள்வதும், வீட்டில் உள்ள ஐந்து பேருக்கும் மகனின் கைபேசி எண் ஒன்றையே கொடுப்பதும் வழக்கம். கணினிக்கு ஒருவரே வெவ்வேறு மனிதர்களாகவோ, அதைவிட ஆபத்தாக, வெவ்வேறு மனிதர்கள் ஒருவராகவோ தோன்றுகின்றனர். பதிவுகள் சேராமல் இருப்பதால் தாமதமும் செலவும் உண்டாகின்றன. தவறாகச் சேர்வதால் ஒருவரின் மருந்து ஒவ்வாமை மற்றவர் பதிவில் ஏறி உயிருக்கே கேடு விளையும். யூனிகோடு முறையில் தமிழ் எழுத்தையும் டைகாம் ஏற்கும் என்பதால், பெயரைத் தமிழிலும் பதியும் வழக்கம் வந்தால் இக்குழப்பத்தின் ஒரு பகுதியாவது குறையும். உறுதியான அடையாள எண் ஒன்று உடன் செல்வதே மீதிக்குத் தீர்வு.

அத்தகைய எண் தமிழ்நாட்டு மக்களுக்கு அயலானது அன்று. கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் பிக்மி எண் அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி அவர்களைப் பின்தொடர்கிறது. தனியார் மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கும் பிறப்புச் சான்றிதழ் பெறும்போது அது கேட்கப்படுகிறது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2020 ஆகஸ்ட் 15-இல் புதுச்சேரி உள்ளிட்ட ஆறு ஒன்றியப் பகுதிகளில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. அதன் கீழ் வழங்கப்படும் 14 இலக்க ‘ஆபா’ எண், நோயாளியின் பதிவுகளை அவை இருக்கும் இடத்திலேயே வைத்து, அவர் ஒப்புதல் தரும்போது மட்டும் கேட்கும் மருத்துவருக்கு அனுப்பும் ஏற்பாட்டின் திறவுகோலாகும். எந்தப் பதிவை, யார், எத்தனை நாளுக்குப் பார்க்கலாம் என்று வரையறுக்கவும், தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் அதில் இடமுண்டு. இந்த எண்ணைப் பெறுவது விருப்பத்தைப் பொறுத்தது. ஆனால் பலருக்கு ஆபா எண், க்யூஆர் குறியீட்டைக் காட்டி ஓ.பி. சீட்டு வாங்கும் வசதியாக மட்டுமே அறிமுகமாகியிருக்கிறது; ஸ்கேன் படங்களை அதில் இணைக்கும் நடைமுறை வேரூன்றினால்தான் அதன் முழுப் பயன் கிட்டும்.

பதிவுகள் இணைந்தால் அந்தரங்கம் பறிபோகும் என்ற அச்சம் நியாயமானது, அதை ஒதுக்கிவிட்டு இணைப்பைப் பேசுவது பொறுப்பாகாது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு, அங்கே பல நாள்கள் கையால் எழுதியே பணிகள் நடந்தன. 2019-இல் கிரீன்போன் என்ற ஜெர்மானியப் பாதுகாப்பு நிறுவனம், இந்தியா உட்படப் பல நாடுகளில் பேக்ஸ் கணினிகள் கடவுச்சொல்கூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததை வெளிப்படுத்தியது. அவ்வாறு திறந்து கிடந்தவை தனித்தனி நிறுவனங்களின் கவனிப்பற்ற சேமிப்பகங்கள் என்பது கருதத்தக்கது: சிதறிக் கிடப்பது பாதுகாப்பைத் தந்துவிடவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. 2008 முதல் நாடு தழுவிய மின்னணு மருத்துவப் பதிவேட்டை நடத்திவரும் எஸ்டோனியாவில், தம் பதிவை யார் திறந்து பார்த்தார் என்பதை நோயாளியே பார்த்துக்கொள்ளலாம். அந்த வசதி இல்லாத எந்த இணைப்பையும் தமிழ்நாட்டு மக்கள் முழுமையானதாக ஏற்க வேண்டியதில்லை.

ஆகவே பொதுமக்களிடம் இக்குழு முதன்மையாகக் கேட்பது ஒன்றே: ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஃபிலிமோடும் ரிப்போர்ட்டோடும் நில்லாமல், டைகாம் கோப்பையும் கேட்டுப் பெற வேண்டும். ஒரு குறுக்குவெட்டுப் படம் ஏறத்தாழ அரை மெகாபைட் என்பதால், 500 படங்கள் கொண்ட சி.டி. ஸ்கேனுக்கு 250 மெகாபைட் போதும். பென் டிரைவிலோ பாதுகாப்பான இணைய இணைப்பாகவோ அதைத் தருவது எந்த மையத்துக்கும் பெருஞ்செலவு ஆகாது. பதிவு மேசையில் பெயரையும் பிறந்த தேதியையும் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகத் தருவதும், முன்பு சிகிச்சை பெற்ற இடத்தின் நோயாளி எண்ணைச் சொல்வதும், கைபேசிக்கு வரும் ஒப்புதல் கோரிக்கையைப் படித்துப் பார்த்த பிறகே இசைவதும், ஓ.டி.பி. எண்ணைப் பிறரிடம் சொல்லாதிருப்பதும் அவசியம். எழுதப் படிக்க இயலாத முதியோருக்கு வீட்டிலுள்ள இளையோர் இதில் துணை நிற்க வேண்டும்.

மருத்துவமனைகளும் ஸ்கேன் மையங்களும் மூலக் கோப்பைக் கூடுதல் கட்டணமின்றித் தர வேண்டும். மென்பொருள் ஒப்பந்தம் முடியும்போது பழைய படங்கள் முழுவதையும் டைகாம் வடிவில் மீட்கும் உரிமையை எழுத்தில் பெற வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களின் படங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மருத்துவக் கல்லூரி வரை ஒப்புதலோடு எட்டும் வகையில் மாநில அரசு வழிசெய்ய வேண்டும்; ஆபா எண்ணோ கைபேசியோ இல்லை என்ற காரணத்தால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படாது என்பதை ஒவ்வொரு மருத்துவமனையிலும் அறிவிப்புப் பலகையாக வைக்க வேண்டும். பதிவுகளைக் காக்க வேண்டிய காலமும் நீட்டிக்கப்பட வேண்டும்; காசநோய்த் தழும்பையும் புற்றுநோய் மீட்சியையும் பற்றி அறிய, இப்போதைய விதி கோரும் மூன்றாண்டுப் பதிவு போதாது.

இந்திய மருத்துவ மன்றம் 2002-இல் வகுத்த தொழில்நெறி விதிகளின்படி, உள்நோயாளியின் மருத்துவப் பதிவு சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டுகள் காக்கப்பட வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்த உறவினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அது வழங்கப்பட வேண்டும். இந்த விதி நடைமுறையில் உள்ளது. தம் குடும்பத்தில் சிகிச்சை பெறுவோரின் பதிவுகளையும் ஸ்கேன் கோப்புகளையும் எழுத்துமூலம் விண்ணப்பித்து, ஒப்புகை பெற்று, இவ்வாரமே கேட்டு வாங்குமாறு தமிழ்நாட்டு மக்கள் அனைவரையும் இக்குழு கேட்டுக்கொள்கிறது.