காலனி நிறுத்தத்திலிருந்து கணக்கெடுங்கள்

மதுரை நகரப் பேருந்துச் சேவை எப்படி இருக்கிறது என்று கேட்டால் அதிகாரிகள் ஒரு கணக்குச் சொல்வார்கள். எத்தனை வண்டி ஓடியது, கிலோமீட்டருக்கு என்ன வசூல், லிட்டர் டீசலுக்கு எவ்வளவு தூரம். தேவையான கணக்குகள்தாம். ஆனால், காலை ஏழரை மணிக்குக் காலனி நிறுத்தத்தில் புத்தகப் பையோடு கைகாட்டிய பிள்ளையை வண்டி ஏற்றிக்கொண்டதா என்பதற்கு இவற்றில் விடை இல்லை.

டவுன் பஸ் என்று பெயர் இருந்தாலும் அது நகரத்துக்கு மட்டுமானதல்ல. பெரியார் நிலையத்திலும் மாட்டுத்தாவணியிலும் கிளம்பும் வண்டியை நம்பித்தான் சுற்றுக் கிராமத்துச் சேரிகளில் கல்லூரியும் கட்டட வேலையும் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நாள்கூலிக்குப் போகும் நம் பெண்களுக்கு அது பெரிய மிச்சம். அந்தத் தொகையை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு செய்கிறது. எனவே 'ஓசி டிக்கெட்' என்ற ஏளனத்துக்கு இடமே இல்லை. ஆனால் வண்டி நின்றால்தானே சலுகை?

பேருந்துக்கும் சாதிக்கும் இங்கே பழைய வழக்கு உண்டு. ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்த பேருந்துகளின் உரிமத்தை ரத்து செய்வேன் என்று உத்தரவிட்டவர், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த சௌந்தரபாண்டியன். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டபோது, அந்தப் பெயருள்ள வண்டியில் ஏறமாட்டோம் என்று எதிர்ப்பு கிளம்பிக் கலவரமானது. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரை அரசு எடுத்துவிட்டது. இன்றைய மாணவர்கள் பலருக்கு இது தெரியாது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வெழுதப் போன தலித் மாணவரைப் பேருந்திலிருந்து இழுத்து இறக்கி வெட்டியது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஓட்டுநர், நடத்துநரை மட்டும் குறை சொல்வதில் நமக்கு உடன்பாடில்லை. நேர அட்டவணை இறுக்கம். ஊர் மந்தையிலேயே வண்டி நிரம்பிவிடுகிறது. அடுத்த நிறுத்தத்தில் இருபது மாணவர்கள் நின்றால் தாண்டிப் போகத்தான் தோன்றும். ஆனால் அந்த அடுத்த நிறுத்தம் பெரும்பாலும் காலனியாகவே இருப்பது தற்செயல் அல்ல. நம் ஊர்கள் அமைந்த விதம் அப்படி. காலையில் கூடுதலாக ஒரு நடை விடாமல், படிக்கட்டில் தொங்காதே என்று பிள்ளைகளைத் திட்டி என்ன பயன்?

எதை அளப்பது என்பதில்தான் மாற்றம் வேண்டும். நடத்துநர் கையிலுள்ள டிக்கெட் கருவியில் ஸ்டேஜ் வாரியாக ஏறியவர்கள் பதிவாகிறார்கள். காலனி நிறுத்தம் தனி ஸ்டேஜாக இல்லாவிட்டால் அங்கே ஏறியவர்கள் ஊரின் கணக்கில் கரைந்துபோவார்கள். ஏற முடியாமல் நின்றவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். எனவே, கட்டணம் ஏறாதபடி அந்த நிறுத்தங்களுக்குக் கருவியில் தனிக் குறியீடு கொடுங்கள். பரிசோதகர்கள் மாதம் ஒருநாள் வண்டிக்குள் அல்ல, நிறுத்தத்தில் நிற்கட்டும். ரத்தான நடைகளைத் தடம் வாரியாகப் பேருந்து நிலையத்தில் எழுதி ஒட்டுங்கள். ஆள் பற்றாக்குறை என்றால் முதலில் வெட்டப்படுவது கடைசி நடையா என்பது அப்போது ஊருக்கே தெரியும்.

தீண்டாமை காரணமாகப் பொது வாகனத்தில் ஏறவிடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி குற்றம். கூட்டத்தால் நிற்காத வண்டி வேறு, ஆளைப் பார்த்து நிற்காத வண்டி வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டத் தேதியிட்ட குறிப்பு வேண்டும். காலனி மாணவர்கள் ஒரு நோட்டுப் போடுங்கள். தடம் எண், வண்டி எண், நேரம், நின்றதா, எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று ஒரு மாதம் எழுதி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.