பூஸ்ட் ஏற்றினால் பவர் ஏறுமா?

சங்ககிரி, நாமக்கல் பக்கம் எந்த லாரி ஒர்க்ஷாப்பில் போய் நின்றாலும் ஒரு பேச்சு காதில் விழும். "பம்ப்பை ஏத்து, பூஸ்டைக் கூட்டு, அப்புறம் பாரு வண்டிய!" போன வருஷம் என் மாமாவும் இதைத்தான் செய்தார். ஒரு மாதம் திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி பறந்தது. அப்புறம் பிஸ்டன் தலை உருகி, ஹெட் கேஸ்கட்டும் போய், ஷெட்டில் படுத்துவிட்டது. பைனான்ஸ் டியூ மட்டும் படுக்கவில்லை!

நண்பர்களே, மாமாவைக் குறை சொல்லி என்ன பயன்? மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கும் நாமே பூஸ்ட் கேஜைப் பார்த்துத்தானே பவரை எடை போடுகிறோம்?

ஒரு சின்னக் கணக்கு. நம்மூர் வெயிலில் 35 டிகிரி காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு, அதாவது கேஜில் 1 பார் அளவுக்கு, அமுக்குகிறோம். கம்ப்ரஸரின் எஃபிஷியன்சி 70 சதவீதம் என்றால் வெளியே வரும் காற்று சுமார் 130 டிகிரி! சூடானால் காற்று விரியுமல்லவா? அதனால் அழுத்தம் இரட்டித்தாலும் காற்றின் அடர்த்தி ஒன்றரை மடங்குதான் ஆகிறது. இன்டர்கூலர் வைத்து 60 டிகிரிக்கு இறக்கினால், வழியில் ஏற்படும் அழுத்த இழப்பை விட்டுவிட்டால், கிட்டத்தட்ட 1.85 மடங்கு. கேஜ் முள் என்னவோ அதே இடத்தில்தான் நிற்கிறது! காற்று கூடாமல் டீசலை மட்டும் கூட்டினால் கூடுவது புகையும் சூடும்தான்.

இனி சைஸ். சின்ன டர்போ குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே வேகம் பிடிக்கும். லோடோடு வளைவில் திரும்பி எழும்ப அதுதான் வேண்டும். அதையே ஹைவேயில் விரட்டினால் எஃபிஷியன்சி விழுந்து காற்று இன்னும் கொதிக்கும், எக்ஸாஸ்டில் பின்னழுத்தமும் ஏறும். பெரிய டர்போ போட்டால் ஹைவேயில் ராஜா, பண்ணாரி தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் கரும்புகை! திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியின் கம்ப்ரஸர் இன்ஜின் கதை வேறு. ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடுவதால் அதற்குப் பெரிய டர்போ பொருந்தும். ஆல்ஃபிரட் பூச்சி 1905-லேயே பேடண்ட் வாங்கிய சமாச்சாரம் இது. நாம் இன்னும் ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருக்கிறோம்.

இப்போதைய வண்டிகளில் லேப்டாப்பை மாட்டி 'ரீமேப்' செய்கிறார்கள். லேப்டாப் என்பதால் பிஸ்டன் உருகாமல் இருந்துவிடுமா? கேஸ்கட்டும் பேரிங்கும் தாங்குகிற அழுத்தம் பழைய அளவுதானே!

என்னைக் கேட்டால், பூஸ்டைத் தொடுகிறவர் முதலில் எக்ஸாஸ்ட் வெப்பம் காட்டும் மீட்டரை மாட்டட்டும். இன்டர்கூலர் இல்லாத வண்டியில் பூஸ்டைக் கூட்டவே கூடாது. மலை ஏறி முடித்ததும் இன்ஜினைப் பட்டென்று நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிஷம் ஐடிலில் விடவேண்டும். இல்லாவிட்டால் ஆயில் ஓட்டம் நின்று, டர்போ ஷாஃப்ட்டில் ஆயில் கருகிப் பிடித்துக்கொள்ளும்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்: "அந்த மூணு நிமிஷ டீசலை யாரு கண்ணு ஊத்துவாங்க?"