அலைதடுப்பைக் கட்டியது யார்?

கொழும்புத் துறைமுகத்தின் கிழக்குக் கொள்கலன் முனையத்தை இந்தியாவும் ஜப்பானும் இலங்கையும் சேர்ந்து அபிவிருத்தி செய்வதென்று 2019 மே மாதம் ஓர் இணக்கம் கைச்சாத்தானது. முனையத்தின் உரிமை முழுவதும் துறைமுக அதிகாரசபையிடமே இருக்கும். அதை நடத்தும் கம்பனியில் அதிகாரசபைக்கு 51 வீதம், வெளியாருக்கு 49 வீதம். அன்றைய ஏற்பாடு அதுதான். தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. பிக்குமாரும் தேசியவாதக் கட்சிகளும் சேர்ந்துகொண்டனர். 2021 பெப்ரவரி 1ஆம் திகதி அமைச்சரவை இணக்கத்தைக் கைவிட்டு, கிழக்கு முனையத்தை நூறு வீதமும் அதிகாரசபையே நடத்தும் என்று அறிவித்தது. நாடு காப்பாற்றப்பட்டதாகப் பேச்சு அடிபட்டது. அதே வருடம் செப்டெம்பர் முடிவதற்குள் பக்கத்திலுள்ள மேற்கு முனையத்துக்கு ஒப்பந்தம் ஆயிற்று: அதானி குழுமத்துக்கு 51 வீதம், ஜோன் கீல்ஸுக்கு 34, அதிகாரசபைக்கு 15; காலம் 35 வருடம். பகிரங்கக் கேள்விப்பத்திரம் கோரப்படவில்லை. மேற்கில் அரசு போடவேண்டிய முதல் குறைவு என்பதும், கிழக்கை முழுக்க அரச பணத்தில் கட்டவேண்டி வந்தது என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டல் கழித்தலை மக்கள் முன் வைத்து விவாதித்தவர்கள் மிகச் சிலர். வீதியில் கேட்கப்பட்டது முனையத்தில் யாருடைய கொடி பறக்கும் என்பது மட்டுமே.

அரசாங்கமா தனியாரா என்று கேட்டுக் கேட்டே நாம் களைத்துப்போகிறோம். ஒப்பந்தத்தை எழுதுகிற அரசுக்கு அதை எழுதத் தெரியுமா என்று கேட்பதில்லை. தனியாரை அழைத்தால் அரசின் வேலை குறையும் என்பது கொழும்பில் பரவலாக உள்ள நம்பிக்கை. ஆதரிப்பவர்களும் அதையே சொல்கிறார்கள், எதிர்ப்பவர்களும் அதையே சொல்கிறார்கள். என் பார்வையில் நடப்பது நேர்மாறு. ஒரு மின்நிலையத்தைத் தானே நடத்த முடியாத அளவுக்குத் தளர்ந்துபோன அரசு, இருபது வருட மின்கொள்வனவு ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் கூட்டத்தோடு பேரம் பேசும் வலுவை மட்டும் எங்கிருந்து பெறும்? நடத்துவதைவிடப் பேரம் பேசுவது கடினமான வேலை.

இதற்கு நல்ல சாட்சியும் துறைமுகமே. 1999இல் எலிசபெத் மகாராணி இறங்குதுறை, கட்டி நடத்தித் திருப்பிக் கொடுக்கும் முறையில் 30 வருடத்துக்குத் தனியாரிடம் போனது. அதுவே சவுத் ஏசியா கேட்வே முனையம். அதற்கு முன்னர் கொள்கலன் கையாளுவதெல்லாம் அதிகாரசபையின் தனி ஆட்சி. ஒரே துறைமுகத்துக்குள் இரண்டு பேர் வந்த பிறகுதான் கப்பல் கம்பனிகளுக்கு ஒருவரை விட்டு மற்றவரிடம் போகும் வாய்ப்புக் கிடைத்தது. அதிகாரசபையின் ஜய கொள்கலன் முனையமும் தன் வேகத்தைக் கூட்டவேண்டி வந்தது. 2013இல் தென் துறைமுகத்தில் சைனா மேர்ச்சன்ட்ஸ் 85 வீதமும் அதிகாரசபை 15 வீதமும் கொண்ட முனையம் திறக்கப்பட்டது. 18 மீற்றர் ஆழம் இருந்ததால் மிகப் பெரிய கப்பல்களும் அங்கே அணைய முடிந்தது. இன்று அந்த ஒரு முனையமே வருடத்துக்கு 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட கொள்கலன் அலகுகளைக் கையாளுகிறது. இந்தக் கதையைத் தனியார் திறமையின் வெற்றியாகச் சொல்பவர்கள் ஓர் அத்தியாயத்தைத் தாவி விடுகிறார்கள். அந்த ஆழமும் அமைதியான நீரும் தாமாக வந்தவையல்ல. 2007இல் ஆசிய அபிவிருத்தி வங்கியிடம் 30 கோடி டொலர் கடன் பெற்று, ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலுக்குள் அலைதடுப்புக் கட்டி, கால்வாயைத் தோண்டிக் கொடுத்தது அரசு. வேலையைச் செய்தது கொரியாவின் ஹியுண்டாய். கடனைச் சுமந்தது நாம். அலைதடுப்பில் எந்தக் கப்பலும் வாடகை கொடுத்து அணைவதில்லை, அதனால் எந்த முதலீட்டாளரும் அதைக் கட்ட வரமாட்டார். முதலில் அரசு அந்தச் சுமையை ஏற்றபடியால்தான் பிறகு தனியாருக்கு அங்கே இடம் உண்டாயிற்று. 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய மேற்கு முனையமும் அதே அலைதடுப்பின் நிழலில்தான் நிற்கிறது.

மின்சாரத்தில் நடந்தது வேறு. நிலக்கரி அனல் நிலையம் ஒன்று 1980களில் இருந்தே திட்டத்தாளில் இருந்தது. எதிர்ப்பு, தேர்தல், இடமாற்றம் என்று இழுபட்டு, நுரைச்சோலையில் முதல் 300 மெகாவாட் 2011இல்தான் வந்தது, 900 மெகாவாட்டும் முழுமையாக வர 2014 ஆயிற்று. இடையில் மழை பொய்த்த வருடங்களில் மின்வெட்டு. மின்வெட்டைத் தவிர்க்க அவசரக் கொள்வனவு. அவசரத்தில் கிடைப்பது எண்ணெயில் ஓடும் தனியார் நிலையம். 1990களின் கடைசியில் தொடங்கிய அந்த ஒப்பந்தங்களின் சாரம் எளிது. இயந்திரம் தயாராக நிற்பதற்கே ஒரு கட்டணம். ஓடினால் எண்ணெய்ச் செலவு மின்சார சபையின் தலையில். எண்ணெய் விலை ஏறினாலும் ரூபா வீழ்ந்தாலும் நட்டம் சபைக்கு. முதலீட்டாளர் இழக்கக்கூடியது கொஞ்சம். பேராசை என்று அவர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை. நாளை இருளில் இருக்கப்போகும் ஒருவர் மெழுகுதிரிக்கு விலை பேச முடியாது. அந்த அவசரத்தை உருவாக்கியது, தன் திட்டத்தைத் தானே இருபது வருடம் நகர்த்தாத அரசு.

மன்னார், பூநகரி காற்றாலை விவகாரத்தை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கவேண்டும். 484 மெகாவாட் திட்டம் கேள்விப்பத்திரம் இன்றி அதானி குழுமத்துக்குப் பேசப்பட்டது. 2022 ஜூனில் அன்றைய மின்சார சபைத் தலைவர், இந்தியப் பிரதமர் அழுத்தம் கொடுப்பதாக ஜனாதிபதி தன்னிடம் சொன்னார் என்று நாடாளுமன்றத்தின் கோப் குழுவில் கூறி, பிறகு அந்தக் கூற்றை வாபஸ் பெற்று, பதவியையும் விட்டார். அதே மாதம் மின்சாரச் சட்டம் திருத்தப்பட்டு, பெரிய மின்திட்டங்களுக்குப் போட்டி விலைகோரல் கட்டாயம் என்ற நிபந்தனை நீக்கப்பட்டது. போட்டி வேண்டாம் என்று சட்டமே இயற்றிய நாடு பிறகு விலை கூடிப்போயிற்று என்று அழுவதற்கு உரிமையில்லை. 2024இல் 20 வருடத்துக்கு அலகு ஒன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று விலை முடிவாயிற்று. ஆட்சி மாறியது, புதிய அரசு விலையை மீளப் பரிசீலித்தது, 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகிக்கொண்டது. மன்னாரிலேயே 50 மெகாவாட் காற்றாலைக்குப் போட்டி முறையில் கேள்விப்பத்திரம் கோரியபோது ஹேலீஸ் குழுமத்தின் நிறுவனம் 4.65 சதத்துக்கு வந்தது. இரண்டு திட்டங்களும் ஒரே அளவினவல்ல. இரண்டின் நிபந்தனைகளையும் வரிக்கு வரி ஒப்பிடவும் முடியாது. என்றாலும், அளவு பெரிதானால் அலகுச் செலவு குறைய வேண்டும் என்பதுதான் பொதுவான நியாயம். இங்கே பெரிய திட்டத்தின் விலை சிறியதைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல். மன்னார் மக்களும் சூழலியலாளரும் பறவைகளின் பாதை பற்றியும் தாழ்நிலத்தில் மழைநீர் தேங்குவது பற்றியும் எழுப்பிய கேள்விகள் அந்த 4.65 சதத் திட்டத்துக்கும் பொருந்தும். குறைந்த விலை அவற்றுக்குப் பதிலாகாது.

கேள்விப்பத்திரம் என்றால் வருடக்கணக்கில் இழுபடும், நம்மைப்போன்ற நாட்டுக்கு வருபவரே இருவரோ மூவரோ, அரசுக்கு அரசு பேசி முடிப்பதே விரைவு என்று ஒரு வாதம் உண்டு. விரைவு என்பது கணக்கில் தெரிய வேண்டும். மன்னாரில் பேச்சும் வழக்கும் விலகலுமாக வருடங்கள் போய், ஒரு மெகாவாட்டும் வராமலே முடிந்தது. மகாராஷ்டிராவின் தாபோல் மின்நிலையம் இன்னும் பழைய பாடம்: 1992இல் என்ரோனோடு போட்டியின்றிப் புரிந்துணர்வு ஒப்பந்தம், அடுத்த வருடமே உலக வங்கி, பொருளாதார ரீதியில் இது தேறாது என்று கடன் கொடுக்க மறுத்தது, அரசு மாறி ரத்து, மீண்டும் பேச்சு, 1999இல் 740 மெகாவாட் இயங்கி, 2001இல் நின்றுபோனது. தனியாரை முழு மனதோடு ஆதரிப்பவர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் கோபப்பட வேண்டும். பின்கதவால் வந்த ஒப்பந்தம் அடுத்த தேர்தலைத் தாண்டுமா என்பது சந்தேகம், நீதிமன்றத்தைத் தாண்டுமா என்பதும் சந்தேகம். 2002இல் அரசு விற்ற லங்கா மரைன் சேர்விசஸின் விற்பனையை 2008இல் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. 2003இல் விற்கப்பட்ட இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தை 2009இல் அரசுக்கே திருப்பியது. வழிமுறை பிழைத்ததால் வாங்கியவரும் நட்டப்பட்டார்.

இடதுசாரி நண்பர்களின் ஆட்சேபம் வேறு. அரசு மலிவாகக் கடன் வாங்கும். தனியாருக்கு இலாபமும் வேண்டும். பிறகு எதற்கு இந்தச் சுற்று வழி? இந்த வாதத்தை இலேசாகத் தள்ள முடியாது. மன்னாரில் 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலையை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் மின்சார சபைதான் கட்டியது. 1983இல் உருவாகி, உள்ளூராட்சி சபைகளின் மின்விநியோகத்தைப் பொறுப்பேற்ற லெகோ, அரசுக்குச் சொந்தமான கம்பனியாகவே இருந்துகொண்டு, வழியில் வீணாகும் மின்சாரத்தை ஐந்து வீதத்துக்கும் கீழே கொண்டுவந்தது. ஆகவே அரசால் முடியாது என்பது பொய். ஆனால் மலிவான கடன் என்ற முதற்கூற்று 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அறிவித்த நாட்டுக்கு முன்போல் பொருந்தாது. அம்பாந்தோட்டையும் நினைவில் இருக்கட்டும்: அரசே கடன் வாங்கி, அரசே கட்டி, கப்பல் வராமல், 2017இல் 112 கோடி டொலருக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டி வந்தது. அரச உடைமையாகத் தொடங்கியதே கையறு நிலையில் நடந்த பேரமாக முடிந்தது. தொலைபேசியிலும் ஒரு நேர்மையான கணக்கு இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் வீட்டுக்கு ஓர் இணைப்புக் கிடைக்க வருடங்கள் ஆயின. 1997இல் டெலிகொமின் 35 வீதம் ஜப்பானின் என்.ரி.ரி.க்குப் போனது பேசப்படும் அளவுக்கு, அதற்கு முந்தின வருடம் சன்டெல், லங்கா பெல் என்ற இரண்டு போட்டியாளர்களுக்கு அனுமதி கொடுத்ததும், செல்லிடத் தொலைபேசிக் கம்பனிகள் ஒன்றோடொன்று மோதியதும் பேசப்படுவதில்லை. கட்டணத்தை இறக்கியது அந்த மோதல். மின்கம்பியிலோ தண்ணீர்க் குழாயிலோ அப்படி நாலு பேர் மோத முடியாது. ஒரு வீதிக்கு ஒரு குழாய்தான். அங்கே போட்டிக்குப் பதிலாக நிற்க வேண்டியது ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு.

அந்த ஆணைக்குழுவை நாம் எப்படி நடத்தினோம்? பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியதைப் பாமன்கடை மாடிவீடுகளில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். இரண்டாவது உயர்வை ஆணைக்குழுத் தலைவர் ஜனக ரத்நாயக்க பகிரங்கமாக எதிர்த்தார். 2023 மே மாதம் நாடாளுமன்றம் அவரை நீக்கியது. அவருடைய கணக்குச் சரியா, உயர்வைக் கேட்ட சர்வதேச நாணய நிதியத்தின் கணக்குச் சரியா என்பது தனி விவாதம். செலவுக்குக் கீழே மின்சாரம் விற்று வந்ததன் பாரத்தைத் திறைசேரி சுமந்ததும் உண்மை. ஆனால் விலையில் முரண்பட்ட ஒழுங்குபடுத்துநர் வாக்கெடுப்பில் வீட்டுக்கு அனுப்பப்படுவார் என்று தெரிந்த நாட்டில், முதலீட்டாளர் தன் நட்ட அச்சத்தையும் விலையில் சேர்த்தே கேட்பார். பாவனையாளருக்கும் ஆணைக்குழுவில் நம்பிக்கை போய்விடும். இரண்டு பேரும் நம்பாத நடுவரை வைத்துக்கொண்டு எந்தச் சட்டத்தைத் திருத்தி என்ன பயன்?

அடுத்த சோதனை தூரத்தில் இல்லை. 1999இல் கொடுத்த எலிசபெத் மகாராணி இறங்குதுறையின் 30 வருடம் 2029இல் முடிகிறது. அந்த முனையம் அதிகாரசபைக்கே திரும்புமா, இருப்பவருக்கே நீடிக்கப்படுமா, புதிதாகப் போட்டிக்கு விடப்படுமா என்பதை முடிவுசெய்ய இருக்கும் காலம் மிகக் குறைவு. அதற்கு முன் செய்யவேண்டியவை சலிப்பூட்டும் வேலைகள்: பாரந்தூக்கிகளின் வயதையும் இறங்குதுறையின் நிலையையும் சுயாதீனமாக மதிப்பிடுவது, ஆழம் குறைந்த அந்த முனையத்துக்கு மேற்கும் தெற்கும் இருக்கும்போது என்ன பெறுமதி என்று கணிப்பது, ஊழியர்களின் நிலையை முன்கூட்டியே பேசுவது, 30 வருடத்தில் அரசுக்கு வந்த உரிமக் கட்டணம் எவ்வளவு என்பதை வெளியிடுவது. இவற்றில் ஒன்றுக்கும் அந்நிய முதலீடு தேவையில்லை. காலியிலும் வெள்ளவத்தையிலும் வசிக்கும், கணக்குத் தெரிந்த நாலு பொறியியலாளரும் இரண்டு வழக்கறிஞரும், அவர்களுக்குக் கொடுக்கச் சம்பளமும் போதும். அப்படியொரு குழு துறைமுக அமைச்சில் இப்போதே உட்கார்ந்திருக்கிறதா என்று நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினராவது கேட்கலாம். கேட்காவிட்டால் 2028இன் கடைசியில் ஒரு நீடிப்புப் பத்திரம் அமைச்சரவைக்கு வரும், அவசரம் என்ற தலைப்போடு.