உடைவதற்கு முன்பே எடுக்க வேண்டிய அச்சு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எஞ்சினைப் பற்றிக் கவலைப்படுவார்கள், கியர் பெட்டியைப் பற்றிக் கவலைப்படுவார்கள். முன்கண்ணாடி அவர்கள் நினைவுக்கு வருவதே முன்னால் போகும் லாரியின் சக்கரம் ஒரு கல்லை எறியும்போதுதான். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்துகொள்ளலாம், பல்சக்கரத்தை லேத்தில் வெட்டிக்கொள்ளலாம். வளைந்த கண்ணாடியை மட்டும் எந்தப் பட்டறையிலும் தட்டிச் செய்ய முடியாது.

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இதற்கு நல்ல உதாரணம். 1962இல் பிரிட்டனில் வெளிவந்த இந்த இரண்டு இருக்கைக் கார், டிரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கிச் செய்யப்பட்டது. அதே ஹெரால்டை சென்னையை அடுத்த வண்டலூர் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்தது. எனவே இந்தியாவில் ஸ்பிட்ஃபயர் வைத்திருந்தவருக்கு எஞ்சின், முன்சக்கர அமைப்பு போன்றவற்றுக்குப் பழைய ஹெரால்டு கைகொடுத்தது. கண்ணாடிக்கு அந்த உறவு செல்லாது. ஹெரால்டின் முன்கண்ணாடி ஒரு வளைவு, ஸ்பிட்ஃபயருடையது வேறு. ஸ்டாண்டர்ட் ஆலையும் 1980களின் இறுதியில் மூடப்பட்டுவிட்டது.

1940களின் எம்.ஜி. டி.சி. வைத்திருப்பவர் அதிர்ஷ்டசாலி. அதன் முன்கண்ணாடி தட்டையானது, மடக்கிப் படுக்க வைக்கக்கூடியது. தட்டையான லேமினேட்டட் கண்ணாடியை அளவுக்கு வெட்டித் தர நகரத்துக் கண்ணாடிக் கடையால் முடியும். சிக்கல் எல்லாம் அதற்குப் பின் வந்த வளைந்த கண்ணாடிகளில்தான்.

காருக்கான பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு வகை. ஒன்று, மெக்கானிக்குகள் டஃபன்ட் என்று சொல்வது. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் காற்றைப் பீய்ச்சித் திடீரெனக் குளிர வைப்பார்கள். மேற்பரப்பு இறுகி உறுதியாகிவிடும். அதன் பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது. முயன்றால் முழுவதும் மணி மணியாகச் சிதறும். இன்னொன்று லேமினேட்டட். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏடு. பிரெஞ்சுக்காரர் எடுவார் பெனடிக்டஸ் 1909இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. விரிசல் விடும், ஆனால் ஏடு துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும்.

1960களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இருந்தது முதல் வகை. ஓடும்போது கல் பட்டால் ஒரே நொடியில் கண்ணாடி முழுதும் வெள்ளையாகிப் பாதை மறைந்துவிடும். ஓட்டுபவர் கையால் குத்தி ஓட்டை போட்டுப் பார்க்க வேண்டிய நிலை. இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், அவை அமலுக்கு வந்து மூன்றாண்டுகளுக்குப் பின் தயாரிக்கப்படும் வாகனங்களின் முன்கண்ணாடி லேமினேட்டட்டாக இருக்க வேண்டும் என்றன. அதற்கு முந்தைய கார்களை இந்த நிபந்தனை தொடவில்லை. அவற்றை ஓட்டுபவரின் முகத்துக்கும் அதே கல்தான் வருகிறது.

இங்கேதான் பழைய கார் பிரியர்களுக்குள் தகராறு. பழைய பிரிட்டிஷ் கார்களின் கண்ணாடி மூலையில் டிரிப்லெக்ஸ் முத்திரையும் அது தயாரான ஆண்டையும் காலாண்டையும் காட்டும் சிறு புள்ளிகளும் இருக்கும். அந்தப் புள்ளிகளுக்காகக் கீறல் விழுந்து மங்கிய கண்ணாடியோடு ஓட்டுபவர்கள் உண்டு. எதிர்வெயிலில் அந்தக் கீறல்கள் அத்தனையும் மின்னும். அசல் பாகம் என்ற பெருமை டாஷ்போர்டுக்குப் பொருந்தும், ஸ்டீயரிங்குக்குப் பொருந்தும். கண்ணாடியில் அதைப் பார்ப்பது வீண் பிடிவாதம். அதைவிட மோசம், கதவு ஜன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடியை வெட்டிச் சொருகுவது. விபத்தில் அது கத்தியாக மாறும். அக்ரிலிக் தகடோ வைப்பர் ஓட ஓடக் கீறிப் புகை படிந்ததுபோல ஆகிவிடும்.

புதிய கண்ணாடி கிடைத்த பிறகு பொருத்துவது நுணுக்கமான வேலை, ஆனால் கஷ்டமான வேலையல்ல. இன்றைய கார்களில் கண்ணாடியைப் பசையால் ஒட்டுகிறார்கள். பழைய கார்களில் பெரும்பாலும் ரப்பர் பீடிங். இறுகிப்போன பழைய ரப்பரை நெம்பக் கூடாது, கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். புது ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் வெளிப் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றுவார்கள். கயிற்றின் இரு முனைகளும் காருக்குள், கீழ் விளிம்பின் நடுவில். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இன்னொருவர் கயிற்றை மெல்ல இழுப்பார். ரப்பரின் உதடு விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சோப்புக்குப் பதில் கிரீஸோ எண்ணெயோ தடவினால் சுலபமாக வழுக்கும், ரப்பர் சீக்கிரம் கெட்டுப்போகும். முஷ்டியால் தட்டினால் இரண்டாவது கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டியதுதான்.

கடினமான பகுதி ரப்பருக்கு அடியில் இருக்கிறது. அதை அறிய அந்தமானின் சிப்பிகாட் போன்ற இடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கிராம்பும் ஜாதிக்காயும் வளரும் அரசுப் பண்ணையால் பெயர் பெற்ற ஊர். 2004 டிசம்பரில் சுனாமியை உண்டாக்கிய பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் நிலம் தாழ்ந்தது. சிப்பிகாட்டின் வயல்களில் புகுந்த கடல்நீர் அங்கேயே தங்கிவிட்டது. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை, மீதி நாள் உப்புக் காற்று. அங்கே நிறுத்திய காரின் பீடிங்குக்குள் ஒரு துளி நீர் நுழைந்தாலும் அது வெளியேறாது. கண்ணாடியைத் தாங்கும் தகட்டு விளிம்பை மௌனமாக அரித்துக்கொண்டிருக்கும். கண்ணாடியைக் கழற்றும் நாளில்தான் ஓட்டைகள் தெரியும். விளிம்பை வெல்டு செய்து, பிரைமரும் பெயின்ட்டும் காய்ந்த பிறகே கண்ணாடி ஏற வேண்டும். அவசரப்பட்டுத் துரு மேட்டின் மீது உட்கார வைத்தால், முதல் குழியில் சக்கரம் இறங்கும்போதே புதிய கண்ணாடியில் மூலையிலிருந்து கோடு ஓடும்.

உடைந்தால் அடுத்த கண்ணாடி வர வேண்டியது சென்னையிலிருந்து, 1,190 கிலோமீட்டர் கடல் கடந்து. கப்பலில் சுமார் மூன்று நாள். மரப்பெட்டியில் நிமிர்த்தி வைத்து அனுப்ப வேண்டும். படுக்க வைத்தால் மேலே ஏற்றும் சுமை முடித்துவிடும்.

ஐம்பது ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2021இல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுச் செல்லுபடி. இந்தப் பதிவுள்ள காரை அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம். லாரிகள் ஓடும் அதே நெடுஞ்சாலை வழியாகத்தான் போக வேண்டும்.

லேமினேட்டட் கண்ணாடி விரிந்தாலும் உருவம் குலையாது; அதைப் பார்த்தே இன்னொன்றை வார்க்கலாம். டஃபன்ட் நொறுங்கினால் எஞ்சுவது ஒரு முறம் கண்ணாடி மணிகள். வளைவு எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி இருக்காது. அதனால் கண்ணாடி முழுசாக இருக்கும்போதே அதன் மேல் ஃபைபரில் ஓர் அச்சு எடுத்துப் பரணில் போட்டுவைப்பது நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.